பெருக்கித் துடைத்த கடை

பெட்டிக்காரியின் கடையில் நேராக நிற்கிற பெட்டியைப் பார்ப்பது அபூர்வம். வருகிறதெல்லாம் நொண்டிப் பெட்டிகள். ஒன்றுக்குச் சக்கரம் கழன்றிருக்கும். ஒன்றுக்குக் கைப்பிடி மேலே வந்தால் கீழே போகாது. இன்னொன்று ஜிப் அறுந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஊர் உலகமெல்லாம் சுற்றி ஓய்ந்த பெட்டிகள் கடைசியில் அவள் வாசலில் வந்து படுத்துவிடும். அவள் அவற்றைச் சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். அடுக்கு சரியும். திட்டாமல் மறுபடி அடுக்குவாள். தரை முழுக்க நூல் பிசிறு, தேய்ந்த சக்கரம், பசை டப்பா, கத்தரித்துப் போட்ட துணி. நடுவில் தையல் மிஷின். மிஷினுக்கும் வாசலுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. அதில் நடக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அவளும், அவள் கணவனும்.

அவள் அதிகம் பேசமாட்டாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். வாய் வளரவில்லை, கைதான் வளர்ந்தது. கை உள்ள பிள்ளையும் பிழைக்கும் என்று காட்டுகிற மாதிரி, கண்காணாத இந்த நாட்டுக்கு வந்து கடை வைத்துவிட்டாள்.

வெளிநாட்டுக்காரர்கள் இந்த ஊரில் தங்க எத்தனையோ வழி இருக்கலாம். அவளுக்குத் தெரிந்தது மூன்று. காசு இருந்தால் வீடு வாங்கலாம். அது முதலீட்டாளர் அனுமதி. கணவனின் அக்காவும் அத்தானும் அப்படி வந்தவர்கள். வீடு வாங்கினார்கள், வீட்டோடு ஊரும் கிடைத்தது. காசு இல்லை, ஒரு கம்ப்யூட்டரும் வேறு நாட்டில் ஒரு கம்பெனியும் இருக்கின்றன என்றால் அதற்கும் ஓர் அனுமதி உண்டு. கடைக்கு மேலே குடியிருந்த மாடிக்காரன் அந்த வகை. உட்கார்ந்த இடத்திலிருந்து எங்கோ வேலை பார்ப்பான், ஆனால் இந்த ஊரில் மட்டும் ஒரு துரும்பைத் தூக்கி வைத்துக் கூலி வாங்கக் கூடாது. மூன்றாவது, சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கானது. தொழில்முனைவோர் அனுமதி. அதுதான் பெட்டிக்காரியுடையது. கணவனின் பெயர் அவள் பெயருக்குக் கீழே, சார்ந்திருப்பவர் என்று இருந்தது.

"அவ பட்டம், நான் வால்," என்பான் அவன், கடைக்கு வருகிற எல்லோரிடமும். "நூல் அங்க இருக்கு. நான் சும்மா ஆடிக்கிட்டே பின்னாடி போவேன்."

கடையில் பேச்சு அவன் பொறுப்பு. 'இன்னும் ஆகலைங்க, சனிக்கிழமை வாங்க' என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லுவான்.

அனுமதியைப் புதுப்பிக்கிற நேரம் வந்தது. வியாழக்கிழமை காலையில் ஓர் அதிகாரி நேரில் வருவார் என்று தகவல் வந்தது. பலர் வாசலில் போர்டை மாட்டிவிட்டு, உள்ளே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, தொழில் நடத்துகிறோம் என்று சொல்லிக் காலத்தை ஓட்டுகிறார்களாம். அதனால் தொழில் நிஜமாகவே நடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புதுப்பிப்பார்கள். அதிகாரிக்குத் திருப்தி என்றால் இருக்கலாம். இல்லையென்றால் கடையைப் பூட்டிவிட்டு, வந்த பெட்டியிலேயே துணிமணியை அடைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பெட்டிக்காரி பயப்படவில்லை. தொழில் நடக்கிறதா என்று பார்க்கத்தானே வருகிறார்கள்? நடந்துகொண்டுதானே இருக்கிறது? அவள் பாட்டுக்கு ஒரு பெட்டியின் வயிற்றுக்குள் தலையை விட்டு உள்துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க ஒருத்தர் வேண்டுமே. புதன்கிழமை காலையில் நாத்தனார் வந்தாள்.

வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றாள். உள்ளே வைத்த காலுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.

"என்னது இது? கடையா, இல்ல பெட்டிங்களோட சுடுகாடா?"

"வாங்க அண்ணி," என்றாள் பெட்டிக்காரி பெட்டிக்குள்ளிருந்து.

"எங்கேருந்து பேசற? முதல்ல வெளிய வா. ஐயோ, தலை முழுக்க நூல். குருவி பாத்தா கூடு கட்டிடும். டேய் தம்பி! நாளைக்கு அதிகாரி வராங்க, கடைய இந்த லட்சணத்துலயா காட்டப் போறீங்க? இந்தக் குப்பையில ஒரு ஆளு தொலைஞ்சா தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இதப் பாத்துட்டு அனுமதியா குடுப்பாங்க? குப்பை வண்டியத்தான் அனுப்புவாங்க!"

"அக்கா, வேலை நடக்கிற இடம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

"நீ பேசாத. வால் தனியா ஆடக் கூடாது." நாத்தனார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "எங்க வீட்டையும்தான் பாக்க ஆள் வந்தாங்க, வாங்கினது நிஜமான்னு. தரைய நான் துடைச்சு வச்சிருந்த அழகுல வந்தவருக்கு அவர் முகமே தெரிஞ்சுது. செருப்பக் கழட்டலாமா வேண்டாமான்னு வாசல்லயே நின்னாரு. ஒரு கேள்வி கேக்கல. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. சுத்தம்னா அப்படி இருக்கணும்."

அனுபவம் பேசும்போது எதிர்த்துப் பேச யாரால் முடியும்? அதுவும் வாயில்லாப் பூச்சியால்? நாத்தனார் கைப்பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள். தயாராகத்தான் வந்திருக்கிறாள்.

அன்று பகல் முழுக்க அந்தக் கடையில் நடந்தது சாதாரணப் பெருக்கல் இல்லை, படையெடுப்பு. ஒரு மூட்டை நூல், துணி, சக்கரம், உடைந்த பூட்டு என்று வாரிக் கட்டினாள் நாத்தனார். "இத ராத்திரிக்குள்ள தெருமுனைத் தொட்டியில போட்டுடு" என்று தம்பியிடம் கொடுத்தாள். சுவரோரம் கிடந்த பெட்டிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது மேலே பார்த்தாள்.

மாடிக்காரன் ஒண்டிக்கட்டை. அவன் அறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கட்டில். மற்றதெல்லாம் காற்று.

"அக்கா, நாளைக்குக் காலையில எனக்கு மீட்டிங் இருக்கு," என்றான் அவன், முதல் பெட்டி மாடிப்படி ஏறி வருவதைப் பார்த்து.

"இருக்கட்டுமே," என்றாள் நாத்தனார். "பெட்டிங்க என்ன குறுக்க பேசவா போகுது?"

பெட்டிகள் எல்லாம் மேலே போயின. பசை டப்பாக்கள் கட்டிலுக்கு அடியில் போயின. ஊசிகளும் ஜிப் ரன்னர்களும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போய், டப்பா அலமாரி உச்சிக்குப் போனது. தையல் மிஷினின் மேல் சலவை செய்த படுக்கை விரிப்பைப் போட்டு, அதன்மேல் பூச்சாடி வைத்தாள் நாத்தனார். கணவனும் சும்மா இருக்கவில்லை. வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, வியாழக்கிழமை மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். போனில் கிடைக்காதவர்களுக்காக 'இன்று விடுமுறை' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டான்.

எல்லாம் முடிந்ததும் பெட்டிக்காரி கடையின் நடுவில் நின்றாள். ஒற்றையடிப் பாதை போய், கடையே மைதானமாகிவிட்டிருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது. என்ன என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

"என்ன யோசிக்கற?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுமில்ல அண்ணி. வேற யாரோ கடைக்கு வந்த மாதிரி இருக்கு."

"அப்படித்தான் இருக்கணும்!"

மறுநாள் காலை அதிகாரி வந்தார். குட்டை முடி, தடித்த மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு மெல்லிய கோப்பு. வாசலில் தொங்கிய 'இன்று விடுமுறை'யை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தார். பிறகு உள்ளே வந்து, பளபளவென்று இருந்த தரையைப் பார்த்தார். நாத்தனார் முகத்தில் பெருமை வழிந்தது. இவராவது செருப்பைக் கழற்றுவார் என்று காத்திருந்தாள். அவர் கழற்றவில்லை.

"இங்க என்ன தொழில் நடக்குது?" என்றார் அதிகாரி, அந்த ஊர் மொழியில்.

"பெட்டி, பை எல்லாம் ரிப்பேர் பண்றோம் மேடம்," என்றான் கணவன்.

"அனுமதி யார் பேர்ல இருக்கு?"

கணவன் ஓர் அடி பின்னால் போனான். வால் மடங்கிவிட்டது.

"என் பேர்ல," என்றாள் பெட்டிக்காரி.

"பெட்டி ரிப்பேர் கடை. சரி. பெட்டி எங்க?"

"மேல."

"மிஷின்?"

பெட்டிக்காரி பூச்சாடியைக் காட்டினாள். அதிகாரி பூச்சாடியைப் பார்த்தார். விரிப்பைப் பார்த்தார். மேஜையின் மேல் ஒரு விரலை வைத்து இழுத்து, அந்த விரலையும் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"காலையிலேருந்து வாடிக்கையாளர் யாரும் வரலையா?"

"எப்படி வருவாங்க மேடம்? வராதீங்கன்னு சொல்லிட்டோம்ல," என்றான் கணவன், பின்னாலிருந்து, பெருமையாக.

அதிகாரி கோப்பைத் திறந்து ஏதோ எழுதினார். எழுத்து நீளமாக இல்லை. நேற்று உறுத்தியது என்ன என்று பெட்டிக்காரிக்கு இப்போது புரிந்தது. வீடு வாங்கினவர்கள் வீட்டைக் காட்ட வேண்டும். வேலை செய்கிறவள் வேலையை அல்லவா காட்ட வேண்டும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். இங்கே பூசணிக்காயைக் காட்டு என்றுதான் கேட்கிறார்கள். அதைப் போய் மறைத்து வைத்திருக்கிறார்கள்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். தம்பி குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"ரொம்ப நல்ல பொண்ணு மேடம். ரொம்பச் சுத்தம். இந்தக் கடை எப்பவும் இப்படித்தான் இருக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்! தினமும்! ஒரு துண்டு நூல் பாக்க முடியாது!"

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

"மேல போய்ப் பாக்கலாமா?" என்றார்.

மாடிக்காரன் மீட்டிங்கில் இருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். "என்னப்பா, ஊரைக் காலி பண்றியா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கம்ப்யூட்டருக்குள்ளிருந்து அவன் மேலதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார். மாடிக்காரன் பதில் தேடியபடி, கைக்கு வேலையாக, மடியில் இருந்த ஒரு கைப்பெட்டியின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். கதவு திறந்தது. அடையாள அட்டை மாட்டிய அதிகாரியைக் கண்டதும் பெட்டியைச் சுடுகிற பாத்திரத்தைப் போட்டதுபோல் போட்டான்.

"நீங்க இங்க வேலை செய்யறீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லைங்க! சத்தியமா இல்லைங்க! எனக்கு வேலை வெளிநாட்டுல. இந்த ஊர்ல நான் எந்த வேலையும் செய்யறதில்ல. இந்தப் பெட்டிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

"உங்க ரூம்ல இருக்கு."

"ரூம் என்னோடது. பெட்டி என்னோடது இல்ல."

"அப்போ இவங்களோடதா?" அதிகாரி பெட்டிக்காரியைக் காட்டினார்.

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவனுக்கு அவன் அனுமதி கண்ணில் ஆடியது. இவளைத் தெரியும் என்றால், இவளுக்கு வேலை செய்கிறவன் என்று ஆகிவிடுமோ?

"இவங்களா? பாத்திருக்கேன்... மாடிப்படியில..."

அவன் மேஜையில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. காலையில் பெட்டிக்காரி போட்டுக்கொடுத்த டீ.

எல்லோரும் கீழே வந்தார்கள். அதிகாரி பூச்சாடியின் பக்கத்தில் நின்று பேனாவைத் திறந்தார்.

"பாருங்கம்மா. ஆளில்லாத கடைங்க நிறையப் பாத்திருக்கேன். ஆனா ஆளில்லாத கடை இவ்வளவு அழகா இருந்து இப்பத்தான் பாக்கறேன். வேலை நடக்கற இடம் மாதிரி எனக்குத் தெரியல. அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும்."

கணவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேச்சே அவன் பொறுப்பு. அந்தப் பேச்சும் ஓடவில்லை. நாத்தனார் முகம் மெல்ல வெளுத்தது. அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது.

பெட்டிக்காரி மிஷினைப் பார்த்தாள். விரிப்புக்குள்ளிருந்து அதன் கால் மட்டும் எட்டிப் பார்த்தது. எங்கோ கிடந்த பழைய மிஷினை அவள் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட வைத்திருந்தாள். இந்த ஊரில் அவளை முதலில் நம்பியது அதுதான். அதை இப்படி மூடி வைத்துவிட்டுப் போவதா?

"அண்ணி," என்றாள். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "நேத்து உள்ள வந்ததும் என்ன சொன்னீங்களோ, அத இப்ப சொல்லுங்க."

"என்ன சொன்னேன்? நல்லதாத்தானே சொன்னேன்?"

"இல்ல அண்ணி. திட்டினீங்களே, அத."

நாத்தனார் பதறிப்போனாள். "வந்தவங்க முன்னாடி வீட்டுப் பொண்ணத் திட்டறதா? எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது!"

"அக்கா," என்றான் கணவன், "இத்தனை வருஷமா கேக்காமலே குடுத்த. இன்னைக்கு அவளே கேக்கறா. குடேன்!"

"திட்டுங்க அண்ணி. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டிக்காரி அந்த ஊர் மொழியில் விளக்கினாள். "இவங்க சொன்னது பொய் மேடம். கடை எப்பவும் இப்படி இருக்காது. நீங்க வர்றீங்கன்னு நேத்துதான் சுத்தம் பண்ணினோம். பண்ணினதே இவங்கதான். எப்படி இருந்துச்சுன்னு இவங்களையே கேளுங்க."

அதிகாரி நாத்தனார் பக்கம் திரும்பினார். "அப்படியா? எப்படி இருந்துச்சு?"

நாத்தனார் தொண்டையைச் செருமினாள். "கடை... சுத்தம் இல்லை," என்றாள் அந்த ஊர் மொழியில். அதோடு நின்றுவிட்டது. அந்த மொழியில் அவளுக்கு விலை கேட்கத் தெரியும், வழி கேட்கத் தெரியும், பாராட்டத் தெரியும். திட்டத் தெரியாது. திட்டுவதற்குத் தாய்மொழியை விட்டால் வேறு மொழி ஏது?

"உங்க மொழியிலேயே சொல்லுங்க," என்றார் அதிகாரி. "இவங்க எனக்கு எடுத்துச் சொல்லட்டும்."

நாத்தனார் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "அது வந்து... கால் வைக்க இடம் இல்ல. சுடுகாடு மாதிரி இருந்துச்சு, பெட்டிங்களோட சுடுகாடு. இவ தலையில நூல். குருவி கூடு கட்டலாம். அந்தக் குப்பையில ஆளு தொலைஞ்சா தேட முடியாது."

பெட்டிக்காரி அதிகாரியிடம் சொன்னாள்: "கொஞ்சம் தூசியா இருந்துச்சாம்."

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அவ்வளவு நேரம் சொன்னது இவ்வளவுதானா?"

பெட்டிக்காரி மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சுடுகாடு, குருவிக் கூடு, தொலைந்த ஆள், எல்லாம். தன்னைத் தானே திட்டுவதற்கு இவ்வளவு தைரியம் வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அதிகாரியின் பேனா ஒரு நிமிஷம் நின்று, மறுபடி ஓடியது. 'மேலே சொல்லுங்க' என்று தலையை ஆட்டினார்.

கேட்க ஓர் ஆளும் எழுத ஒரு பேனாவும் கிடைத்தால் நாத்தனார் சும்மா விடுவாளா? இடுப்பில் கை ஏறியது.

"சோத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டா மேடம்! 'இந்த ஒரு ஜிப் முடிச்சிட்டு வரேன்'ம்பா. அந்த ஒரு ஜிப் முடியவே முடியாது. எங்க வீட்டுக்கு விருந்துக்கு வான்னா, கையில ஒரு பெட்டியத் தூக்கிட்டு வர்றா. மத்தவங்க பூ வாங்கிட்டு வருவாங்க, பழம் வாங்கிட்டு வருவாங்க. இவ கைப்பிடி போன பெட்டி! என் புது சோபாவுல உக்காந்து ரன்னர் மாத்தினா. ஊசிய அங்கயே விட்டுட்டா. என் வீட்டுக்காரர் போய் அது மேல உக்காந்து, எழுந்திரிச்ச வேகத்துல விளக்குல இடிச்சிக்கிட்டாரு! இன்னிக்கும் அந்த சோபாவப் பாத்தா நின்னுக்கிட்டேதான் டீ குடிக்கறாரு!"

பெட்டிக்காரி சோபாவையும் மொழிபெயர்த்தாள். ஊசியையும், விளக்கையும், நின்றுகொண்டு குடிக்கிற டீயையும். அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார். பின்னால் கணவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"இந்த மாதிரி ஒரு கழுதைய நான் பாத்ததில்ல," என்று நாத்தனார் முடித்தாள். குரல் சற்றே இறங்கியது. "பொதியத் தானே சுமக்கும், யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாது. என் தம்பி இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்கறான்னா அது இவளாலதான். இத நான் அவகிட்ட சொன்னதில்ல. சொல்லவும் மாட்டேன்."

"கடைசியா என்ன சொன்னாங்க?" என்றார் அதிகாரி.

பெட்டிக்காரி கொஞ்சம் தயங்கினாள்.

"என்னைக் கழுதைன்னு சொன்னாங்க," என்றாள். மிச்சத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "கேக்க நல்லா இருக்கு. ஆனா பேச்சு பேச்சுதான். அந்தக் குப்பையெல்லாம் இப்ப எங்க?"

நாத்தனார் தலையில் கை வைத்தாள். "போச்சு! தெருமுனைத் தொட்டிக்குப் போயிடுச்சே! டேய், போட்டுட்டதானே?"

கணவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "மறந்துட்டேன்க்கா. பின்பக்கம்தான் கிடக்கு."

"சோம்பேறி! ஒரு வேலை சொன்னா..." என்று ஆரம்பித்தவள், "என் ராஜா! ஓடு, தூக்கிட்டு வா!" என்று முடித்தாள்.

மூட்டை வந்தது. கணவன் அதை அவிழ்த்து, முகம் தெரிகிற அந்தத் தரையின் நடுவில் தலைகீழாகக் கொட்டினான். நூலும் துணியும் மலையாகக் குவிந்தன. அறுந்த ஜிப்புகள் பாம்புக் குட்டிகளாக நெளிந்தன. சக்கரங்கள் விடுதலை கிடைத்ததுபோல் நாலாபக்கமும் உருண்டன. ஒன்று அதிகாரியின் செருப்பில் மோதி, அவரைச் சுற்றி வந்து படுத்தது. அவர் குனிந்து அதை எடுத்தார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கோணலாகியிருந்தது.

நாத்தனாரோ, தான் பெருக்கிய தரையைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் எதுவும் முடிவு பண்ணல," என்றார் அதிகாரி. "இன்னொரு நாள் வருவேன். எந்த நாள்னு சொல்ல மாட்டேன். யாரும் எதையும் சுத்தம் பண்ணாதீங்க." வாசல்வரை போனவர் திரும்பி நாத்தனாரைப் பார்த்தார். "முக்கியமா நீங்க."

அன்றே பெட்டிகள் மாடியிலிருந்து இறங்கின. இறக்கியவன் மாடிக்காரன். கூலி இல்லை என்பதால் பயமும் இல்லை. கடைசிப் பெட்டியை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, அது... மாடிப்படியில பாத்திருக்கேன்னு சொன்னது..."

"பரவாயில்ல தம்பி," என்றாள் பெட்டிக்காரி, நூலைக் கோத்தபடி. "இனிமே டீயும் மாடிப்படியிலதான் வைப்பேன். பாத்து எடுத்துக்கோ."

கணவன் திரும்பிப் பார்த்தான். இவளுக்கு எப்போது வாய் முளைத்தது?

அதற்குப் பிறகு நாத்தனார் அடிக்கடி வந்தாள். யாரும் பெருக்கிவிடாமல் காவல் காக்க. வருகிறவள், ஒரு முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். கை சும்மா இருக்காது, தரையில் கிடப்பதைப் பொறுக்கிவிடும் என்று அவளுக்கே பயம். தம்பி ஒரு துணித் துண்டை எடுக்கக் குனிந்தால், "டேய், கை வைக்காத! கிடக்கட்டும்!" என்று அலறுவாள். பிறகு தனக்குத்தானே, "கடவுளே, என் வாயால இப்படிச் சொல்ல வச்சிட்டாங்களே," என்று முனகிக்கொள்வாள்.

அதிகாரி மறுபடி வந்தது ஒரு வேலை மும்முரத்தில். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மேஜையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "முந்தின சனிக்கிழமைன்னீங்க, வந்தேன். போன சனிக்கிழமைன்னீங்க, வந்தேன். சாயங்காலம் எனக்கு ரயில்! துணியெல்லாம் தலையில கட்டிட்டுப் போகவா?" கணவன் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். வாத்தியாருக்குப் பின்னால் மூன்று நான்கு பேர் பெட்டியோடு நின்றார்கள். பெட்டிக்காரி வாயில் ஒரு ரன்னரைக் கடித்துக்கொண்டு, வாத்தியாரின் பெட்டியை மடியில் கவிழ்த்துப் போட்டுக் குத்திக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவில்லை. அடுத்த ஆளின் செருப்பு மட்டும் தெரிந்தது.

"பெட்டிய அங்க வச்சிட்டுப் போங்க. சனிக்கிழமை வாங்க."

"சனிக்கிழமை கண்டிப்பா ஆயிடுமா?"

"சொல்ல முடியாது."

செருப்பு நகரவில்லை. நிமிர்ந்தாள். அதிகாரி நின்றார். அவரிடம் பெட்டி எதுவும் இல்லை, கோப்பு மட்டும்தான் இருந்தது. ஒரு காலைச் சுவரோரமும் ஒரு காலைத் துணிக் குவியலிலும் வைத்து, வேறு வழியில்லாமல் வளைந்து நின்றார்.

"சொல்ல முடியாதா?" என்றார். "எனக்குச் சொல்ல முடியும். அனுமதி தபால்ல வரும். சனிக்கிழமைக்குள்ள."

பெட்டிக்காரியின் வாயிலிருந்து ரன்னர் கீழே விழுந்தது. யாரும் அதைத் தேடவில்லை. கணவன் வாத்தியாரையே கட்டிப் பிடித்துக்கொண்டான். ஏன் என்று தெரியாமலே வாத்தியாரின் கோபம் பாதி இறங்கியது.

அதிகாரி ஒற்றையடிப் பாதையில் தட்டுத் தடுமாறி வாசலுக்குப் போனார். அவர் உடுப்பின் பின்பக்கம் ஒரு சிவப்பு நூல் நீளமாக ஒட்டிக்கொண்டு அவரோடு நடந்தது. முக்காலியில் இருந்த நாத்தனாரின் கை தொடைக்கு அடியிலிருந்து விருட்டென்று கிளம்பியது. பெட்டிக்காரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. ஆபீஸ் வரைக்கும் போகட்டும். நம்ம கடை சாட்சி."

இரண்டு பேரும் வாசலில் நின்று, அந்த நூல் தெருவில் ஆடி ஆடிப் போவதைப் பார்த்தார்கள். அது முனை திரும்பிக் கண்ணுக்கு மறைந்ததுதான் தாமதம், நாத்தனார் தலையில் துண்டைக் கட்டினாள்.

"அப்பாடா. எடு அந்தத் துடைப்பத்த!"

பெட்டிக்காரி மிஷினுக்குப் போய் உட்கார்ந்து பெடலில் காலை வைத்தாள்.

"துடைப்பம் ரிப்பேர்ல இருக்கு அண்ணி," என்றாள். "சனிக்கிழமை வாங்க."